ரிமோட்ட அமுக்கினா லைட்டு எரியலையா? கோளாறு எங்கன்னு கண்டுபிடிக்கலாம் வாங்க

படுத்துக்கிட்டே லைட்ட அணைக்கணும்ங்கிற சோம்பேறித்தனத்துல தான் நானும் இந்த ரிமோட் சுவிட்ச செஞ்சேன், செஞ்சு முடிச்ச அன்னைக்கு ராத்திரி எழுந்து போயி கையாலதான் அணைச்சேன். அதுக்கப்புறம் மூணு நாள் போராடினதுல கத்துக்கிட்டத இங்க எழுதுறேன். சால்டரிங் அயர்ன இப்பவே சூடு பண்ணாதீங்க, அது கடைசியில.

நம்ம சர்க்யூட் இதுதான். ரிமோட்டோட இன்ஃப்ராரெட் ஒளிய டிஎஸ்ஓபி 1738ங்கிற ரிசீவர் வாங்கி 555ங்கிற டைமர் ஐசிய தட்டி எழுப்பும், 555 ஒரே ஒரு பல்ஸ் குடுக்கும், அத சிடி 4017ங்கிற கவுண்டர் ஐசி எண்ணி ஒரு தடவை ஆன் அடுத்த தடவை ஆஃப்னு மாத்தும், பிசி 547 டிரான்ஸிஸ்டர் ரிலேவ (காந்தத்தால ஓடுற சுவிட்ச்) இழுக்கும், ரிலே பல்ப எரிய விடும். அடாப்டர் 12 வோல்ட், ரிலேவும் 12 வோல்ட், ஐசிங்களுக்கு மட்டும் 7805 ரெகுலேட்டர் போட்டு 5 வோல்ட். வீடு கட்டுற இடத்துல வரிசையா நின்னு செங்கல் கை மாத்துவாங்கல்ல, அதே கதைதான், மேல செங்கல் போய் சேரலன்னா யார் கையில நிக்குதுன்னு பாக்கணும், எல்லாரையும் மாத்தக் கூடாது. நான் எல்லாரையும் மாத்தினேன். மூணு 4017 வாங்கினேன், மூணும் நல்லாத்தான் இருந்துச்சு.

முதல்ல 230 வோல்ட் வயர ரிலேல இருந்து முழுசா கழட்டிடுங்க. பிளக்க உருவிட்டு கழட்டுங்க, சுவிட்ச மட்டும் அணைச்சா போதாது, நம்ம ஊர்ல பல வீட்ல சுவிட்ச் நியூட்ரல் வயர்ல இருக்கும். டெஸ்ட் பண்ற வரைக்கும் ரிலேவோட டிக் சத்தமே போதும்.

இப்ப வரிசையோட நடுவுல போய் நில்லுங்க. 4017ல 2ஆம் கால்ல இருந்து டிரான்ஸிஸ்டர் பேஸுக்கு போற 2.2 கிலோஓம் ரெசிஸ்டர் இருக்குல்ல, அத ஐசி பக்கம் மட்டும் எடுத்துட்டு, அந்த நுனிய 5 வோல்ட்ல தொடுங்க. டிக்குன்னு சத்தம் வந்தா டிரான்ஸிஸ்டரும் ரிலேவும் ஓகே, பாதி வேலை முடிஞ்சுது, கோளாறு முன்னாடி பக்கம். சத்தம் வரலன்னா பிசி 547 காலப் பாருங்க, தட்டையான பக்கம் உங்களப் பாத்து இருந்தா இடது பக்கத்துல இருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். அடுத்து ரிலே காயிலுக்கு குறுக்க போட்ட 1என்4007 டையோடு, அதோட வெள்ளைக் கோடு 12 வோல்ட் பக்கம் இருக்கணும், திருப்பிப் போட்டிருந்தா டிரான்ஸிஸ்டர் ஆன் ஆன நிமிஷமே செத்திருக்கும், டையோடே போடலன்னா கொஞ்ச நாள் ஓடிட்டு சாகும். இன்னொன்னு, 5 வோல்ட் ரிலே வச்சவங்களுக்கு இந்த இடத்துல கஷ்டம். அந்த காயில் 70 மில்லிஆம்ப் கிட்ட கேக்கும், 5 வோல்ட்ல ஓடுற 4017ஆல பேஸுக்கு ஒண்ணு ரெண்டு மில்லிஆம்ப்க்கு மேல குடுக்க முடியாது, அதனால ரிலே டர்ர்ர்னு நடுங்கும். 12 வோல்ட் ரிலேக்கு 30 மில்லிஆம்ப் போதும், அதான் நான் அத சொல்றேன்.

பின்பக்கம் சரின்னா ரிமோட்டுக்கு வாங்க. ஃபோன் கேமராவ ஆன் பண்ணி ரிமோட்டோட மூக்க அதுக்கு நேரா காட்டி பட்டன அமுக்குங்க, ஊதா கலர்ல மினுக்கும். பின்னாடி கேமராவுல தெரியலன்னா செல்ஃபி கேமராவுல பாருங்க, சில ஃபோன்ல பின்னாடி ஃபில்டர் இருக்கும். ரெண்டுலயும் தெரியலன்னா ரிமோட்டோட பேட்டரிய மாத்துங்க.

அடுத்து டிஎஸ்ஓபி, நிறைய பேரு வழுக்கி விழுற இடம் இதுதான். கடையில 1738 கேட்டா பல நேரம் 1838ன்னு ஒண்ணு குடுப்பாங்க, ரெண்டும் 38 கிலோஹெர்ட்ஸ்தான், வேலை ஒண்ணுதான், ஆனா கால் வரிசை வேற. குமிழ் உங்களப் பாத்து இருக்கும்போது 1738ல இடமிருந்து கிரவுண்டு, சப்ளை, அவுட்புட். 1838ல அவுட்புட், கிரவுண்டு, சப்ளை. மாத்தி சொருகினா சூடாகி போயிரும், தொட்டுப் பாத்து சுட்டா உடனே சப்ளைய எடுங்க. கால் சரின்னா ஒரு எல்இடி, 2.2 கிலோஓம் எடுத்து 5 வோல்ட்டுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவுல போடுங்க, எல்இடியோட நீளக் கால் 5 வோல்ட் பக்கம். சும்மா இருக்கும்போது அவுட்புட் 5 வோல்ட்லயே நிக்கும், அதனால எல்இடி எரியாது, பட்டன அமுக்கினா படபடன்னு மினுக்கும். யாரும் அமுக்காமலே மினுக்குச்சுன்னா அது பேயில்ல, தலைக்கு மேல எரியுற சிஎஃப்எல்லோ எலக்ட்ரானிக் சோக் டியூப்லைட்டோ. ஒரு துண்டு கருப்பு ஸ்லீவ டிஎஸ்ஓபிக்கு குழல் மாதிரி மாட்டி, சப்ளை கால்ல 100 ஓமும் 4.7 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரும் ஒட்டி வைங்க, அடங்கிடும்.

இப்ப என்னோட மூணு நாள் கதை. நான் முதல்ல 555 இல்லாம, டிஎஸ்ஓபி அவுட்புட்ட ஒரு டிரான்ஸிஸ்டர் வழியா நேரா 4017க்கு குடுத்தேன். அமுக்கினா ரிலே லேசா முனகும், திரும்பவும் பழையபடி. அணைஞ்சிருந்தா அணைஞ்சே, எரிஞ்சா எரிஞ்சே. வேற ரிமோட் எடுத்தா ஒரு தடவை வேலை செய்யும் ஒரு தடவை செய்யாது. காரணம் என்னன்னா ஒரு தடவை அமுக்கினா ஒரு பல்ஸ் போறதில்ல. நிறைய ரிமோட்ல இருக்கிற என்இசிங்கிற சிக்னல் முறையில ஆரம்பத்துல 9 மில்லிசெகண்ட் நீளத்துக்கு ஒண்ணு, அப்புறம் 32 பிட்டுக்கு 32, கடைசியில ஒண்ணு, மொத்தம் 34 பல்ஸ். 34 இரட்டைப்படை! ஆன் ஆஃப்னு 34 தடவை மாத்தினா கிளம்பின இடத்துக்கே தான வந்து நிக்கும்? பாவம் 4017 ஒழுங்கா எண்ணிக்கிட்டு இருந்திருக்கு, நான் அத தூக்கிப் போட்டேன்.

அதுக்குத்தான் 555. முதல் பல்ஸ்ல முழிச்சுக்கும், அதுக்கப்புறம் வர்ற 33ஐயும் கண்டுக்காது. 100 கிலோஓமும் 10 மைக்ரோஃபேரடும் போட்டா 1.1 செகண்ட் ஆன்ல நிக்கும். அதோட 3ஆம் கால்ல எல்இடிய 1 கிலோஓம் வழியா கிரவுண்டுக்கு போட்டு பாருங்க, அமுக்கினதும் ஒரு செகண்ட் நிதானமா எரிஞ்சு அணையணும். பட்டன அமுக்கிப் பிடிச்சே வச்சிருந்தீங்கன்னா ரிமோட் கிட்டத்தட்ட 110 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை ரிப்பீட் அனுப்பும், 1.1 செகண்ட் முடிஞ்சதும் 555 திரும்ப முழிச்சு லைட் அணைஞ்சிரும். வீட்ல சின்னப் பசங்களோ பெரியவங்களோ அமுக்கிப் பிடிக்கிற ஆளுங்கன்னா 100ஐ 220 கிலோஓம் ஆக்குங்க.

4017ல பாக்க வேண்டியது கம்மி. 14ல 555 அவுட்புட், 13 கிரவுண்டு, 16 சப்ளை, 8 கிரவுண்டு, 4ஆம் கால் 15க்கு (15 தான் ரீசெட், எண்ணிக்கைய முதல்ல இருந்து ஆரம்பிக்க வைக்கும்). கைய பக்கத்துல கொண்டு போனாலே லைட்டு மாறுதுன்னா 13ஓ 15ஓ அந்தரத்துல தொங்குதுன்னு அர்த்தம், பிரெட்போர்டுல ஜம்பர் வயர் லூஸா இருந்தாலும் இதே கூத்துதான்.

எல்லாம் சரியானதும் பிளக்க உருவின நிலையிலயே 230 வோல்ட்ட மாட்டுங்க. ஃபேஸ் வயர் (கரண்ட் வர்ற வயர்) ரிலேவோட காமன்ல, பல்புக்கு போறது நார்மலி ஓப்பன்ல (ரிலே இழுக்காதப்ப திறந்தே இருக்கிற முனை), நியூட்ரல் நேரா பல்புக்கு. அணைச்ச பிறகும் எல்இடி பல்பு மினுக்கு மினுக்குன்னா ஃபேஸுக்கு பதிலா நியூட்ரல வெட்டிருக்கீங்களான்னு பாருங்க, அப்படி இருந்தா ஹோல்டர்ல எப்பவும் கரண்ட் இருக்கும், பல்பு மாத்தும்போது ஷாக்தான். எல்லாத்தையும் பிளாஸ்டிக் டப்பாக்குள்ள வச்சு மூடின பிறகு பிளக்க சொருகுங்க. ரிலே மாறுறப்ப 4017 தானா இன்னொரு தடவை எண்ணிச்சுன்னா அதோட 16க்கும் 8க்கும் நடுவுல 0.1 மைக்ரோஃபேரட் ஒண்ணு போடுங்க.

ஒண்ணு பாக்கி. கரண்ட் போயி திரும்ப வந்தா 4017 எந்த நிலையில முழிக்கும்னு சொல்ல முடியாது, நடுராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு லைட்டு பளிச்சுன்னு எரிஞ்சுது. 4க்கும் 15க்கும் இருக்கிற வயர எடுத்துட்டு அங்க 1என்4148 டையோடு போடுங்க, கோடு 15 பக்கம். 15ல இருந்து கிரவுண்டுக்கு 100 கிலோஓம், 15ல இருந்து 5 வோல்ட்டுக்கு 1 மைக்ரோஃபேரட், அதோட பிளஸ் 5 வோல்ட் பக்கம். இனிமே கரண்ட் வந்தாலும் லைட்டு அணைஞ்சேதான் இருக்கும், நீங்க ரிமோட்ட தேடுற வரைக்கும்.