பிரேமுக்குள் நெளிந்த படம்

குளச்சலில் எங்கள் வீட்டு ஹாலில் மாட்டிய ரவி வர்மா அச்சுப்படம், ஜூன் மழை தொடங்கிய ஒரே வாரத்தில் கண்ணாடிக்குள்ளேயே அலை அலையாக நெளிந்துவிட்டது. கடையில் கட்டியது சரியில்லை என்று நினைத்துப் பிரித்து, கனமான அகராதிக்கு அடியில் இரண்டு நாள் வைத்தேன், தட்டையானது. திரும்ப மாட்டினால் நாலாம் நாள் பழைய கதை. சரி, தாள் தளர்ந்திருக்கிறது போல என்று நாலு பக்கமும் செல்லோ டேப்பை இறுக்கி ஒட்டினேன். இன்னும் மோசம், முகத்தின் மேலேயே ஒரு மேடு.

அப்புறம்தான் கண்ணில் பட்டது: நெளிவு எல்லாமே மேலிருந்து கீழாக, ஒரே திசையில். காகித நார் ஓடும் திசைக்குக் குறுக்கேதான் தாள் ஈரத்தில் அதிகம் விரியும். விரிய விடாமல் டேப் பிடித்துக்கொண்டால் மேடு கட்டத்தானே செய்யும்?

டேப்பை எல்லாம் எடுத்தேன். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு மெல்லிய காகிதத் துண்டுகளை மைதாப் பசையால் ஒட்டிப் படத்தைத் தொங்கவிட்டேன். மற்ற மூன்று பக்கமும் சும்மா. கண்ணாடி படத்தைத் தொடாமலிருக்க முன்னால் மவுண்ட் போர்டு, அதாவது நடுவில் சன்னல் போல வெட்டிய கெட்டி அட்டை. அது கடல் சாரல் அடிக்கிற மேற்குச் சுவர், பின்பக்க ஹார்டுபோர்டு தொட்டாலே ஈரமாக இருந்தது, அதனால் பழைய ஹவாய் செருப்பில் வெட்டிய இரண்டு ரப்பர் துண்டுகளைக் கீழ் மூலைகளில் ஒட்டி, சுவருக்கும் பிரேமுக்கும் நடுவில் காற்று போக இடம் விட்டேன்.

ஐப்பசி மழையும் போய்விட்டது, படம் தட்டையாகவே இருக்கிறது. அப்பாடா. செருப்பு விஷயத்தை மட்டும் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.