சுருட்டும் ரம்மும் ஒரே டப்பாவில்: வீட்டில் நடக்கும் தவறுகள்

முனீஸ்வரனுக்குப் படையல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சுருட்டு ஒரு பக்கம் இருக்கும், சாராயம் இன்னொரு பக்கம் இருக்கும். எவ்வளவு அவசரமாகப் படைத்தாலும் சுருட்டை எடுத்துச் சாராயத்துக்குள் யாரும் முக்குவதில்லை. வீட்டில் சுருட்டுக்கு மது வாசனை ஏற்ற ஆசைப்படுகிறவர்கள் முதலில் கோட்டை விடுவது இங்கேதான்.

நானும் விட்டிருக்கிறேன். நண்பர் பிறந்தநாளுக்கு என்று மூன்று நல்ல சுருட்டுகளை ஒரு தட்டில் அடுக்கி, மேலே ரம் ஊற்றி, இரவு முழுக்க ஊறவைத்தேன். காலையில் பார்த்தால் மேல் இலை வெங்காயத் தோல் மாதிரி கழன்று கிடந்தது. சரி, காய்ந்தால் சரியாகிவிடும் என்று ஜன்னலோரம் வெயிலில் வைத்தேன். சாயங்காலத்துக்குள் மூன்றும் நீளவாக்கில் வெடித்துவிட்டன. விட மனமில்லாமல் ஒன்றைப் பற்றவைத்தோம். ஒரு பக்கம் மட்டும் எரிந்தது, நாலு தடவை அணைந்தது. ஊசி போடுவதற்கு முன் கையில் தேய்ப்பார்களே, அந்தப் பஞ்சை வாயில் வைத்த மாதிரி ஒரு சுவை.

ஏன் இப்படி ஆகிறது? கையால் சுற்றிய சுருட்டில் மூன்று அடுக்கு உண்டு. நடுவில் மடித்து வைத்த இலைகள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் ஓர் இலை, எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய மேல் இலை. அந்த மேல் இலையின் நுனியை ஒட்டுவது தாவரப் பிசின். ஈரம் பட்டால் அது இளகிவிடும். உள்ளே இருக்கும் இலைகளோ ஈரத்தைக் குடித்து உப்பும். மேல் இலைக்கு அந்த அளவுக்கு விரிய முடியாது, கிழிகிறது. போதாததற்கு, புகையிலையின் மணத்தைத் தரும் எண்ணெய்ப் பொருள்களையும் மது கரைத்து இழுத்துவிடும். ரம் வாசனையைச் சேர்க்கப் போய், காசு கொடுத்து வாங்கிய வாசனையைக் கழுவி ஊற்றுகிறோம். தூரிகையால் தடவுவது, சிரிஞ்சில் ஏற்றுவது எல்லாம் இதே தவறின் வேறு வேறு வேஷங்கள்தான்.

இலைக்குப் போக வேண்டியது மதுவின் ஆவி மட்டும். காற்றுப் புகாத கண்ணாடி ஜாடி ஒன்று போதும். நடுவில் ஒரு சின்னக் கிளாஸில் இரண்டு மூன்று தேக்கரண்டி மது, சுற்றிலும் சுருட்டுகள். கிளாஸ் சாய்ந்துவிடக் கூடாது, சுருட்டு அதைத் தொடவும் கூடாது. அலுமினியக் குழாயில் வந்த சுருட்டாக இருந்தால் குழாயைக் கழற்றிவிட வேண்டும். கண்ணாடித்தாள் உறையையும் உரித்துவிடுங்கள்.

ஜாடி வழி தெரிந்தவர்களும் நாள் கணக்கில் சறுக்குவார்கள். மூன்று வாரம், ஒரு மாதம் என்று கிளாஸை உள்ளேயே விட்டுவிடுவார்கள். மது என்றால் உலர்த்தும், ஆகவே ஈரம் ஏறாது என்று ஒரு நம்பிக்கை. பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், 40 சதவீதம் என்று போட்டிருக்கும். மீதியில் பெரும்பங்கு தண்ணீர்தான். மூடிய ஜாடிக்குள் அந்தத் தண்ணீரும் ஆவியாகி நிறையும். ஜாடிக்குள் ஈரப்பதம் 80 சதவீதத்தை எளிதாகத் தாண்டிவிடும். சுருட்டுக்கு 65 முதல் 70 வரைதான் சுகம். மது ஆவி இருக்கிற வரை பூஞ்சை பிடிக்காது. கிளாஸை வெளியே எடுத்த பிறகுதான் அந்த ஈர இலை தன் வேலையைக் காட்டும்.

நான் மூன்று நாளுக்கு மேல் வைப்பதில்லை. அப்புறம் கிளாஸை எடுத்துவிட்டு, ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் நிறுத்தி வைக்கும் பொட்டலம் போட்ட இன்னொரு டப்பாவுக்கு மாற்றி, குறைந்தது மூன்று வாரம் ஓய்வு கொடுப்பேன். இந்த ஓய்வுதான் பாதி வேலை. ஜாடியைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் நெடி அடங்கி, இலையோடு கலந்து மெதுவாக வர வேண்டும். வாசனை போதவில்லை என்று தோன்றினால் இன்னொரு முறை மூன்று நாள் வைக்கலாம். ஏறிய வாசனையை இறக்கத்தான் வழியில்லை. பொட்டலத்தைக் கிளாஸ் இருக்கும் ஜாடிக்குள் போடாதீர்கள், அதுவும் ரம் வாசனை பிடித்துக்கொண்டு அடுத்த தடவைக்கு உதவாமல் போகும்.

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து அப்படியே செய்கிறவர்கள் நம் சிங்கப்பூர்க் காற்றை மறந்துவிடுகிறார்கள். கனடாவில் குளிர்காலத்தில் சுருட்டு காய்ந்துவிடுமே என்று கவலைப்படுகிறவர் சொல்லும் யோசனை, ஈசூன் வட்டாரத்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் எப்படிப் பலிக்கும்? இங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80-க்கு மேல், விடியற்காலையில் 90-ஐயும் தாண்டும். ராத்திரி ஏர்கான் ஓடும் அறையிலோ சட்டென்று இறங்கிவிடும். படுக்கையறை அலமாரியில் மூடி சரியாகப் பொருந்தாத டப்பா இருந்தால், சுருட்டு தினமும் உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கி, கடைசியில் மேல் இலை விரிசல் விடும். இருபது வெள்ளி கொடுத்து ஒரு ஈரப்பதமானி வாங்கி ஜாடிக்குள் வையுங்கள். அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க சமையலறை உப்பே போதும். ஒரு மூடியில் உப்பைக் கொட்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டு ஈரக் களி மாதிரி ஆக்கி, மானியோடு சேர்த்து மூடிய டப்பாவில் ஒரு நாள் வைத்தால் 75 காட்ட வேண்டும்.

நம் ஊர்ச் சூட்டில் இன்னொரு ஆள் காத்திருக்கிறான், புகையிலை வண்டு. இலையிலேயே முட்டை இருக்கலாம், 25 பாகைக்கு மேல் போனால் பொரிந்து, குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். மது வாசனை அதைத் தடுக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத சுருட்டை, இரண்டு பைகளுக்குள் காற்றில்லாமல் கட்டி மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்து, ஒரு நாள் கீழ்த்தட்டில் வைத்து, அப்புறம் வெளியே எடுங்கள். பை சரியாக மூடியிருக்க வேண்டும். சம்பல் பிளாச்சான் என்ற இறால் துவையலின் வாசனையோடு ஒரு சுருட்டு, யாருக்கும் வேண்டாம்.

எந்த மதுவை எடுப்பது? இங்கேதான் ஆசை கண்ணை மறைக்கும். காப்பி லிக்கர், பால் கலந்த கிரீம் லிக்கர் என்று இனிப்பானதைத் தேடுவார்கள், சுருட்டும் இனிக்கும் என்று. சர்க்கரை ஆவியாகாது ஐயா. ஆவியில் வருவது மணம் மட்டும்தான், இனிப்பு கிளாஸிலேயே தங்கிவிடும். கடையில் விற்கும் இனிப்புச் சுருட்டுகளில், வாயில் வைக்கும் முனையில் தனியாக இனிப்பைத் தடவியிருப்பார்கள். பால் கலந்தது நம் சூட்டில் கெட்டும் போகும். என் ஓட்டு நன்றாக முதிர்ந்த கறுப்பு ரம்முக்கு, அடுத்து பிராந்திக்கு. புகை வாசம் தூக்கும் ஸ்காட்ச் விஸ்கியை ஒரு தடவை வைத்துப் பார்த்தேன். சுருட்டு எது விஸ்கி எது என்று தெரியாமல், ஈர விறகு புகைந்த மாதிரி இருந்தது. அதே போல, விலையுயர்ந்த கியூபச் சுருட்டை இதற்குப் பலி கொடுப்பதும் வீண். அதன் வாசனைக்குத்தானே அந்த விலை. மென்மையான, நடுத்தர விலைச் சுருட்டுதான் வெளி வாசனைக்கு இடம் கொடுக்கும். உறையூர், திண்டுக்கல் சுருட்டில் முயன்றவர்களும் இருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கே 'செரூட்' என்ற சொல்லைக் கொடுத்த சரக்கு அது, அதன் காரத்துக்கு முன்னால் ரம் எடுபடாது.

சுருட்டைச் சரியான ஈரத்தில் வைத்திருக்கும் ஹியூமிடர் என்ற மரப் பெட்டிக்குள் இந்தச் சோதனையைச் செய்துவிடாதீர்கள். அதன் ஸ்பானிய சிடார் மரப் பலகை வாசனையைக் குடித்துக்கொள்ளும், திரும்பக் கொடுத்துக்கொண்டே இருக்கும். என் பழைய பெட்டி இன்றும் ரம் வாசனையோடுதான் இருக்கிறது. இப்போது அதில் வீட்டுச் சாவியும் பழைய பற்றுச்சீட்டுகளும் வைத்திருக்கிறேன்.

ஆபத்தான தவறுகள் இரண்டு. ஜாடியைத் திறந்த கையோடு லைட்டரைத் தட்டாதீர்கள். 40 சதவீத மது சுமார் 26 பாகையிலேயே பற்றக்கூடிய ஆவியைக் கொடுக்கும். நம் வீட்டுக் கூடமே பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கிறது. ஈரம் காயாத சுருட்டைப் பற்றவைத்தால் முகத்துக்கு நேரே சட்டென்று தீ எழும்பலாம். இரண்டாவது, யாரோ சொன்னதைக் கேட்டுச் சுருட்டை மதுவில் ஊறப்போட்டிருந்தால், மிஞ்சிய மதுவைக் குடித்துவிடாதீர்கள். நிக்கோடின் மதுவில் நன்றாகக் கரையும். வாந்தி, தலைசுற்றல், படபடப்பு என்று ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாகலாம். சிங்கில் கொட்டிக் கழுவிவிடுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். வாசனை ஏற்றியதால் சுருட்டு சாதுவாகிவிடாது. புகையை உள்ளே இழுக்காமல் வாயோடு விட்டாலும் வாய்ப்புற்று, தொண்டைப்புற்று அபாயம் அப்படியே இருக்கிறது. புகைக்காதவர் இதற்காகத் தொடங்கவே வேண்டாம்.

சட்டத்தில் சறுக்குகிறவர்களும் உண்டு. 2021 ஜனவரி முதல் 21 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள் கிடையாது. 18 வயதில் ரம் வாங்கலாம், அதற்குப் பக்கத்தில் வைக்கச் சுருட்டு வாங்க முடியாது. ஜோகூர் பாருவுக்குப் போய்த் திரும்பும்போது 'ஒன்றிரண்டுதானே' என்று சுருட்டைப் பையில் போட்டு வருவது பெரிய தவறு. புகையிலைக்குத் தீர்வை விலக்கு என்று இங்கே எதுவும் இல்லை, ஒரே ஒரு சுருட்டானாலும் சொல்லி, தீர்வை கட்ட வேண்டும். மலேசியாவிலிருந்து வரும்போது மதுவுக்கும் அந்தச் சலுகை கிடையாது. நன்றாக வந்திருக்கிறதே என்று நண்பர்களுக்கு விற்கக் கிளம்பாதீர்கள், புகையிலை விற்க உரிமம் வேண்டும்.

கடைசியில் எங்கே உட்கார்ந்து பிடிப்பது என்ற கேள்வி. புளோக்குக் கீழ்த்தளம், மாடியின் பொதுத் தாழ்வாரம், மாடிப்படி எதிலும் கூடாது. ஆர்ச்சர்ட் ரோட்டில் 2019 முதல் குறித்த இடங்களில் மட்டும்தான். சொந்த வீட்டு ஜன்னலோரம் சட்டப்படி தடையில்லை. ஆனால் ரம் வாசனைச் சுருட்டின் புகை மேல் வீட்டுக் கொடியில் காயும் துணியில்தான் போய் உட்காரும். என் மேல் வீட்டு அக்கா ஒருநாள் லிஃப்டில், "தம்பி, உங்க வீட்டுல கேக் கருகுதா?" என்று கேட்டார். அன்றிலிருந்து நான் பக்கத்தில் குறித்து வைத்திருக்கும் புகைபிடிக்கும் இடத்துக்கு நடந்தே போய்விடுகிறேன்.