சேர்வராயனில் ஓடைப்பள்ளம் வழியாக இறங்குகிறீர்களா?

சேலத்திலிருந்து சேர்வராயன் மலைக்கு நடந்து போகிறவர்கள், இறங்கும்போது குறுக்குவழி என்று காய்ந்த ஓடைப்பள்ளத்தில் கால் வைத்துவிடுகிறார்கள். மார்ச், ஏப்ரலில் அங்கே தண்ணீர் இருக்காது; உதிரிக் கல்தான் கிடக்கும். செங்குத்தான பள்ளத்தில் மேலே இருப்பவர் தட்டிவிட்ட கல் நேரே கீழே இருப்பவர் மேல்தான் வரும். அதனால் வரிசையாக இறங்காதீர்கள். ஒருவர் இறங்கி, பக்கவாட்டில் பாறை மறைவில் ஒதுங்கி நின்று, குரல் கொடுத்த பிறகே அடுத்தவர் கிளம்ப வேண்டும். கல் உருண்டால் உடனே 'கல்!' என்று கத்துங்கள். யார் தட்டியது என்பதெல்லாம் அப்புறம்.

பனிமலைகளில் வசந்த காலத்தில் குறுகிய பள்ளங்களில் சறுக்கி இறங்குகிறவர்களும் இப்படி ஒவ்வொருவராகத்தான் இறங்குவார்கள். இரவில் இறுகிய பனி வெயிலில் மிகவும் இளகிச் சரியத் தொடங்குமுன் வெளியே வந்துவிடுவார்கள். நமக்கும் காலை நேரம்தான் நல்லது. மதியத்துக்கு மேல் ஏற்காட்டுப் பக்கம் கோடை இடிமழை கொட்டினால், கீழே வெயில் அடிக்கும்போதே ஓடையில் வெள்ளம் வந்துவிடலாம்.

காட்டுத்தீ இன்னும் கொடியது. அது மேட்டை நோக்கி வேகமாக ஏறும். பள்ளம் அதற்குப் புகைபோக்கி மாதிரி. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இறந்ததை மறக்க முடியாது. வனத்துறை அனுமதி இல்லாமல் தயவுசெய்து கிளம்பாதீர்கள். புகை வாசனை வந்தால் பள்ளத்தில் மேலே ஓடாமல், பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறைத்தளத்துக்குப் போய்விடுங்கள்.