நிரூபித்தாயிற்று, ஆனால் எதை?

ஒரு மென்பொருளைச் சோதித்துப் பார்த்தால், நாம் கொடுத்த உள்ளீடுகளுக்கு மட்டுமே விடை தெரியும். முறைசார் சரிபார்ப்பு அப்படியல்ல. எந்த உள்ளீட்டுக்கும் நிரல் தவறாது என்பதைக் கணிதமாகவே நிறுவுகிறது. அந்த 'எந்த' என்ற சொல்லில் மயங்கிப் போவதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

கிருஷ்ணகிரி அணையை எடுத்துக்கொள்வோம். முழுக் கொள்ளளவு 52 அடி. மதகுகளைத் தானாக இயக்கும் நிரல் ஒன்றை ஓர் இறுதியாண்டு மாணவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'நீர்மட்டம் 52 அடியைத் தொட்டால் மதகு திறக்க வேண்டும்' என்பது நிபந்தனை. அடையக்கூடிய எல்லா நிலைகளையும் தானாக அலசிப் பார்க்கும் 'மாடல் செக்கர்' என்ற கருவி ஒரு நொடியில் 'சரி' என்கிறது. அந்தப் பச்சைக் குறியைப் படம்பிடித்து அறிக்கையில் ஒட்டியும் விடுகிறார். ஆனால் அணை எப்படி நடந்துகொள்ளும் என்று கருவிக்காக அவர் எழுதிய மாதிரியில் நீர்மட்டம் 50 அடிக்கு மேல் ஏறவே வழியில்லை என்றால்? 'தொட்டால்' என்ற பகுதி ஒருபோதும் நிகழாது. ஆகவே நிபந்தனை மீறப்படவும் வாய்ப்பில்லை. நிரல் என்ன செய்தாலும் கருவி 'சரி' என்றுதான் சொல்லும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. 'நீர்மட்டம் 52 அடியை ஒருபோதும் தொடாது' என்று வேண்டுமென்றே ஒரு பொய்யை எழுதிக் கருவியிடம் கொடுங்கள். அது மறுத்து, நீர்மட்டம் ஏறும் வழியைப் படிப்படியாகக் காட்ட வேண்டும். அதையும் 'சரி' என்று ஒப்புக்கொண்டால் மாதிரியில்தான் கோளாறு. நிரலில் தெரிந்தே ஒரு பிழையை நுழைத்து, கருவி பிடிக்கிறதா என்று பார்ப்பதும் நல்ல பழக்கம். முதல் ஓட்டத்திலேயே எல்லாம் சரி என்று வந்தால் நான் மகிழ்வதில்லை, சந்தேகப்படுகிறேன்.

'தேவையில்லாதபோது மதகு திறக்கக் கூடாது' என்று மட்டும் எழுதுவதும் போதாது. மதகையே திறக்காத நிரல் அதில் முழு மதிப்பெண் வாங்கிவிடும். கெட்டது நடக்காது என்பதோடு, நடக்க வேண்டியது நடந்தே தீரும் என்பதையும் தனியாக எழுத வேண்டும்.

அடுத்தது, எழுதாமல் விட்ட அனுமானங்கள். 2017 நவம்பரில் இதே அணையின் ஒரு ஷட்டர் உடைந்து தண்ணீர் வெளியேறியது. நம் மாணவரின் மாதிரியிலோ 'மூடு' என்று கட்டளையிட்டால் மதகு மூடியே நிற்கும். நிரூபணத்தில் எந்தப் பிழையும் இல்லை. இரும்பு உடையக்கூடும் என்பது அதில் இல்லை, அவ்வளவுதான். இத்தகைய அனுமானங்களை நிரூபணத்தின் தலைப்பிலேயே எழுதி வைக்க வேண்டும். 1996இல் ஏரியன் 5 ராக்கெட் வெடித்ததற்கும், ஏரியன் 4க்குப் பொருந்திய ஓர் அனுமானம் நிரலோடு சேர்ந்து புதிய ராக்கெட்டுக்குள் வந்ததே காரணம்.

எண்களும் அப்படித்தான். வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவது இருமத் தேடல். சரியென்று நிறுவப்பட்ட அந்த முறையில் பிழை இருப்பதை 2006இல் மென்பொருள் பொறியாளர் ஜோஷுவா பிளாக் சுட்டிக்காட்டினார். நடு இடத்தைக் கண்டறிய இரு எல்லைகளைக் கூட்டி இரண்டால் வகுப்பது காகிதத்தில் சரி. 32 பிட் கணினி எண்ணிலோ, கூட்டுத்தொகை சுமார் 214 கோடியைத் தாண்டினால் எதிர்ம எண்ணாகிவிடும்.

செயற்கை நுண்ணறிவில் சிக்கல் வேறு. 2017இல் ரீலுப்ளெக்ஸ் என்ற முறை, விமான மோதலைத் தவிர்க்க உதவும் நரம்பு வலையமைப்புகளை, அதாவது தரவுகளிலிருந்து தானே கற்றுக்கொண்ட நிரல்களை, சரிபார்த்துக் காட்டியது. அவற்றுக்குத் தூரம், கோணம், வேகம் என ஐந்தே உள்ளீடுகள். எது ஆபத்து என்பதைச் சமன்பாட்டிலேயே எழுதலாம். நம் ஊர் மாங்கூழ்த் தொழிற்சாலையில் அழுகிய பெங்களூரா மாம்பழத்தைக் கேமராவால் பிரிக்கும் அமைப்புக்கு அந்த வசதி கிடையாது. 'அழுகல்' என்பதைப் படப்புள்ளிகளின் வெளிச்ச அளவுகளாக எப்படி எழுதுவது? ஆகவே பலரும், 'இந்தப் படத்தில் வெளிச்சம் சிறிது மாறினாலும் விடை மாறாது' என்று நிறுவிவிட்டு, அமைப்பே பாதுகாப்பானது என்று அறிவித்துவிடுகிறார்கள். அது அந்த ஒரு படத்துக்கான நிரூபணம். பால் வடிந்து கறைபட்ட அடுத்த பழத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

இங்கே வலையமைப்பைச் சுற்றியுள்ள பகுதியை நிரூபிப்பதே பயன் தரும்: ஐயமான பழம் கண்டிப்பாக மனிதர் பார்க்கும் தட்டுக்குப் போகும், கேமரா நின்றால் பழங்களை நகர்த்தும் பட்டையும் நிற்கும் என்பவை சாதாரண நிரல்கள், முழுமையாக நிறுவலாம். கேமரா அழுகலைச் சரியாகக் கண்டுகொள்கிறதா என்பதை மட்டும், பருவம் முழுவதும் வரும் பழங்களை ஓட்டிப் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும்.