வெளிநாட்டுக் கிராமத்தில் தன்னார்வலராகத் தங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் சில ஆண்டுகள் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, ஊதியமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றுக்குத் தன்னார்வலராகப் போக விரும்பும் தமிழ் இளைஞர்களை அல்சூர், இந்திராநகர்ப் பகுதிகளில் அவ்வப்போது சந்திக்கிறேன். மலாவி நாட்டின் ஒரு கிராமப் பள்ளியில் நான் தங்கிப் பணியாற்றியிருப்பதால் என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். நான் முதலில் சொல்வது இதைத்தான்: அங்கே போன முதல் சில மாதங்களுக்கு நீங்கள் உதவி செய்பவர் அல்லர், உதவி பெறுபவர். தண்ணீர் எங்கே எடுப்பது, விறகை யாரிடம் வாங்குவது, மழைக்காலத்தில் எந்தப் பாதையில் கால் வைக்கக்கூடாது என்பது வரை அனைத்துக்கும் ஊராரையே நம்பியிருக்க வேண்டும். இதை மறப்பதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

வந்து இறங்கிய மறுநாளே வேலையில் குதிப்பது அவற்றுள் முதலாவது. மலாவியில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தலைவர் உண்டு. சில ஊர்களுக்குச் சேர்த்து ஒரு குழுத் தலைவரும், அவர்களுக்கு மேல் மரபுவழி அதிகாரம் கொண்ட பெருந்தலைவரும் இருப்பார்கள். இதை வெறும் சடங்குப் பதவி என்று எண்ணிவிடக் கூடாது. டெட்சா மாவட்டத்துப் பெருந்தலைவராக இருந்த தெரசா கச்சிண்டமோட்டோ நூற்றுக்கணக்கான குழந்தைத் திருமணங்களை ரத்துசெய்து அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார் என்பதிலிருந்தே அப்பதவியின் வலிமையை அறியலாம். தலைவரின் வீட்டு முற்றத்துக்குப் போய், பொறுமையாக உட்கார்ந்து, நீங்கள் யார், யார் அனுப்பி வந்தீர்கள், எவ்வளவு காலம் இருப்பீர்கள் என்று சொல்லி அனுமதி பெறாமல் தொடங்கும் எந்தப் பணிக்கும் ஊரார் மனம் ஒன்றி வரமாட்டார்கள்.

நம்மவர்கள் கூடுதலாக ஒன்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. மலாவியின் கிராமங்களில் ஒரு காலத்தில் இந்திய வம்சாவளியினர் கடை வைத்திருந்தார்கள். 1970களில் அன்றைய அதிபர் ஹேஸ்டிங்ஸ் பண்டாவின் ஆட்சி அவர்களைக் கிராமங்களிலிருந்து சில நகரங்களுக்குள் ஒதுக்கியது. இன்றும் நகரக் கடைத்தெருக்களில் இந்திய முகம் என்றால் முதலாளி முகம்தான். ஆகவே உங்களைப் பார்த்ததும் என்ன விற்க வந்தீர்கள் என்று கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

அடுத்து, சாவு வீடு. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்று நம் ஊரில் சொல்வார்கள் அல்லவா, மலாவியில் அது எழுதப்படாத சட்டம். ஊரில் ஒருவர் இறந்தால் வயல்வேலை, கூட்டம் எல்லாம் நின்றுவிடும். ஆண்கள் வெளியே ஒரு பக்கமும் பெண்கள் வீட்டுக்குள்ளும் வெகுநேரம் அமர்ந்திருப்பார்கள். வருபவர்கள் மக்காச்சோள மாவோ, விறகோ, சிறிது பணமோ கொடுப்பார்கள். அன்றைக்கு என்று பயிற்சி வகுப்பு வைத்து, யாரும் வரவில்லையே என்று குறைபட்டுக்கொண்ட தன்னார்வலர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் எவ்வளவோ நல்ல மனதுடன் உழைத்தும், அந்தத் துக்கத்துக்கு வராதவர் என்றே ஊரார் அவரை நினைவு வைத்திருந்தார்கள். பேசத் தெரிய வேண்டும் என்பதில்லை. போய் உட்கார்ந்தால் போதும்.

பருவம் அறியாமல் திட்டம் போடுவதும் இதைப் போன்றதே. ஜனவரி முதல் மார்ச் வரை பழைய மக்காச்சோளம் தீர்ந்து, புதியது இன்னும் விளையாத பசிக்காலம். பலர் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போய் அன்றன்றைக்கு மாவு வாங்குவார்கள். அந்த மாதங்களில் பிற்பகல் முழுதும் கூட்டம் நடத்த அழைப்பது அவர்களின் ஒரு வேளைச் சோற்றைக் கேட்பதற்குச் சமம்.

நான் மிகவும் கவலைப்படுவது கைப்பணம் செலவழிப்பவர்களைப் பற்றித்தான். மலாவிக் கிராமங்களில் பெரும்பாலும் காணப்படுவது ஆஃப்ரிதேவ் என்னும் கைப்பம்பு. ஊர்மக்களே பழுது பார்க்கட்டும் என்பதற்காகவே, ஏறக்குறைய ஒரே ஒரு திருகுசாவியைக் கொண்டு கழற்றி மாட்டும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்துபோனால், கைப்பிடியை எத்தனை முறை அழுத்தினாலும் தண்ணீர் மேலே வராது. அதை மாற்றுவதற்கென்று ஊரில் ஒரு குழு இருக்கும். வீட்டுக்கு வீடு சிறு தொகை வாங்கிச் சேர்த்து வைக்கும். பெண்கள் வெறும் வாளியோடு நிற்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல், தன்னார்வலர் தன் பணத்தில் வளையத்தை வாங்கிப் போட்டுவிடுகிறார். அடுத்த மாதம் குழுவுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். தருவதற்குத்தான் வெளிநாட்டவர் இருக்கிறாரே! அவர் ஊர் திரும்பிய பிறகு வளையம் மறுபடி தேயும்போது குழுவும் இருக்காது, பணமும் இருக்காது. மற்ற வீடுகளைப் போல உங்கள் வீட்டுப் பங்கை மட்டும் கொடுங்கள், குழு கூடும்போது கூடவே உட்காருங்கள். தனி ஆளுக்குக் கடன் கொடுப்பதற்கும் இதே கட்டுப்பாடு வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி நம்மவர்கள் தேவைக்கு மேல் அஞ்சுகிறார்கள். அங்குள்ள என்சிமா மக்காச்சோள மாவில் கிண்டியது. பெங்களூரில் ராகி முத்தே என்னும் கேழ்வரகுக் களி சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது. பூசணி இலையை நிலக்கடலைப் பொடியோடு சமைத்துத் தொட்டுக்கொள்வார்கள். சைவர்கள் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். விருந்தாளிக்காகக் கோழியை அறுத்துச் சமைத்த பிறகு வேண்டாம் என்று சொன்னால், ஓர் ஏழைக் குடும்பத்தின் பெரும் செலவு வீணாகும்.

குழந்தைகளைப் படமெடுத்து, பெற்றோரைக் கேட்காமல் இணையத்தில் போடுவதை அறவே விட்டுவிடுங்கள்.

உடல்நலத்தில் அலட்சியம் கூடாது. வெளியே காயப்போடும் ஈரத் துணியில் ஒருவகை ஈ முட்டையிடும். அதை அப்படியே உடுத்தினால் புழு தோலுக்குள் புகுந்து கட்டியாக வீங்கும். ஆகையால் உள்ளாடை உட்பட எல்லாத் துணியையும் சூடாகத் தேய்த்தே உடுத்த வேண்டும். மலாவி ஏரி எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும், கரையோரத்து நத்தைகள் வழியே பரவும் பில்ஹார்சியா என்னும் ஒட்டுண்ணிப் புழு நோய் அதில் உண்டு. எத்தியோப்பியா, கென்யா போன்ற நாடுகளில் தங்கித் திரும்புபவர்களிடம் இந்திய விமான நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாட்கள் கழித்தே அது செல்லும் என்பதால், கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது.

இந்தியாவில் பிறந்து வளர்ந்த நமக்கு மலேரியா ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. அது முற்றிலும் தவறு. அங்கே பரவலாக இருப்பது உயிரைப் பறிக்கக்கூடிய ஃபால்சிபாரம் வகை. தடுப்பு மாத்திரையைப் புறப்படுமுன்னரே தொடங்க வேண்டும். டாக்சிசைக்ளின் எடுப்பவர்கள் ஊர் திரும்பிய பின்னும் 4 வாரம் தொடர வேண்டும். திரும்பி வந்த சில மாதங்களுக்குள் காய்ச்சல் கண்டால், பெங்களூர் மருத்துவர் டெங்குவைத்தான் முதலில் நினைப்பார். ஆப்பிரிக்கக் கிராமத்தில் இருந்து வந்தேன் என்று நீங்களே சொல்லி, அன்றைக்கே மலேரியாவுக்கான ரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.