புத்தாண்டில் கால்பந்து தொடங்குகிறீர்களா? முதல் மூன்று வாரம் மேட்ச் வேண்டாம்

கிருஷ்ணகிரியில் ஜனவரி மாதம் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்குப் போனால் எதிர்ப்பக்க கோல் போஸ்ட் பனியில் தெரியாது. போன வருடம் முதல் ஞாயிறு அந்தப் பனியில்தான், எட்டு வருடம் கழித்துப் பந்தைத் தொட்டேன். நாற்பது நிமிடம் ஆடியிருப்பேன். நீளமாக வந்த ஒரு பாஸை விரட்டி ஓடும்போது வலது பின்தொடையில் சுருக்கென்றது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏப்ரல் வரை ஆட முடியவில்லை. இந்த வருடம் என் வயதுக்காரர்கள் நான்கு பேர் தொடங்குகிறார்கள், எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் காலண்டர்

கடையில் கொடுத்த மாதக் காலண்டர் போதும், செயலி எதுவும் வேண்டாம். சமையலறையில் மாட்டுங்கள், வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும். "உடம்பைக் குறைக்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். நான் எழுதியிருப்பது: 2026 ஜூன் 11-க்குள் 60 நிமிடம் ஆட வேண்டும். அன்றுதான் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்று நாடுகளும் சேர்ந்து நடத்தும் உலகக் கோப்பை தொடங்குகிறது. முதல் முறையாக 48 அணிகள். நம் ஊர் மாம்பழக் காலமும் அப்போதுதான். அந்த நாளை நினைத்தாலே எனக்குக் காலையில் எழுந்திருக்க மனம் வருகிறது.

வாரம் இரண்டு நாள் பந்து, தலா ஒரு மணி நேரம். இன்னும் இரண்டு நாள் அரை மணி நேரம் நடையும் ஓட்டமும். மொத்தம் 180 நிமிடம். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அது இதிலேயே அடங்கிவிடும்.

பொங்கல் நான்கு நாளையும் இப்போதே பென்சிலால் அடித்துவிடுங்கள். ஊருக்குப் போவோம், எருது விடும் விழா பார்ப்போம், மைதானத்துக்குப் போக மாட்டோம். போன வருடம் என்னோடு தொடங்கிய இரண்டு பேர் பொங்கலில் விட்டுப்போனதும் "அவ்வளவுதான்" என்று நிறுத்திவிட்டார்கள். முன்கூட்டியே விடுமுறை என்று குறித்திருந்தால் விட்டுப்போனதாகத் தோன்றியிருக்காது.

பொருள்கள்

நம் பக்கத்து மைதானங்கள் கெட்டியான செம்மண். அதில் அடியில் நீளமான குமிழ் (ஸ்டட்) வைத்த பூட்ஸ் போட்டால் குதிகால் வலிக்கும், பனி ஈரத்தில் வழுக்கவும் செய்யும். அடியில் சின்னச் சின்ன ரப்பர் குமிழ் இருக்கும் டர்ஃப் ஷூவைத்தான் நான் சொல்வேன். பந்து 5-ஆம் எண், ரப்பர் மேல்தோல் உள்ளது. எனக்குப் பிடித்தது நிவியா ஸ்டார்ம், கரடான தரையைத் தாங்குகிறது. காற்றடிக்கும் முன் பம்ப் ஊசியைத் தண்ணீரில் நனைத்துவிட்டுச் செருகுங்கள். காய்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும்.

மூன்று வாரம்: இங்கேதான் நான் தவறினேன்

ஓடும்போது கால் முன்னால் வீசப்படுகிறது. அந்த வீச்சுக்குப் பிரேக் போடுவது பின்தொடைத் தசை, அதாவது ஹாம்ஸ்ட்ரிங். நீண்டுகொண்டே இழுத்தும் பிடிக்க வேண்டும். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் தசைக்கு அந்தப் பழக்கம் போயிருக்கும். நெஞ்சும் மூச்சும் ஒத்துழைக்கும், தொடை ஒத்துழைக்காது. மூச்சு வாங்கவில்லையே என்று நான் வேகத்தைக் கூட்டினேன், அங்கேதான் பிடித்தது.

அதைவிடப் பெரிய தவறு அடுத்தது. பன்னிரண்டாம் நாள் நடக்கும்போது வலி இல்லை. சரி, ஆறிவிட்டது என்று திரும்ப இறங்கினேன். அதே இடத்தில் மறுபடியும் பட்டது. ஏப்ரல் வரை இழுத்தது இந்த இரண்டாவது அடிதான். நடக்கும்போது வலிக்காததை வைத்து முடிவு செய்யாதீர்கள். மெதுவாக ஓடி, பிறகு முக்கால் வேகத்தில் ஓடி, பிறகு முழு வேகத்தில் ஓடி, மூன்றிலும் வலி இல்லாமல் இருந்தால்தான் மேட்ச். அடிபட்டவர்கள் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள், நான் பார்த்தது தாமதமாகத்தான்.

முதல் வாரம்: 4 நிமிடம் நடை, 1 நிமிடம் மெதுவான ஓட்டம், இப்படி ஐந்து முறை. ஓடும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும். பந்து நாளில் சுவரில் பாஸ் மட்டும், இரண்டு காலாலும்.

இரண்டாம் வாரம்: 3 நிமிடம் நடை, 2 நிமிடம் ஓட்டம். இதோடு, காயத்தைக் குறைக்க ஃபிஃபா வகுத்த '11+' வார்ம் அப்பைத் தொடங்குங்கள். மொத்தம் 20 நிமிடம்: 8 நிமிடம் மெதுவான ஓட்டம், 10 நிமிடம் வலுவுக்கும் சமநிலைக்கும் தாவலுக்குமான பயிற்சி, 2 நிமிடம் வேக ஓட்டம். கடைசி 2 நிமிடத்தை இந்த வாரம் விட்டுவிடுங்கள். நடுவில் வரும் 10 நிமிடப் பயிற்சியில் 'நார்டிக்' என்று ஒன்று உண்டு. முட்டி போட்டு நிமிர்ந்து நில்லுங்கள். ஒருவர் உங்கள் கணுக்காலைப் பிடித்துக்கொள்ளட்டும். இடுப்பை மடக்காமல் மெதுவாக முன்னால் சாயுங்கள், தாங்க முடியாதபோது கையை ஊன்றிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் 3 முதல் 5 முறை போதும். மறுநாள் தொடை வலிக்கும், பயப்பட வேண்டாம். பிரேக் போடும் தசைக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் பார்த்ததில்லை.

மூன்றாம் வாரம்: முக்கால் வேகத்தில் 40 மீட்டர், ஆறு முறை. கோடு போட்ட மைதானம் என்றால் அளக்க வேண்டாம், பெனால்டி பாக்ஸின் அகலமே ஏறத்தாழ 40 மீட்டர். நான்காம் வாரம் பக்கத்துக்கு ஐந்து பேராகப் பிரிந்து சின்ன மேட்ச் ஆடலாம்.

சாப்பாடு

களியை விட வேண்டாம். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசி பக்கத்தில்கூட வராது. ஆனால் புரதம் 7 கிராம் அளவுதான். அதனால் கீரையோடு மட்டும் நிறுத்தாமல் கொள்ளுக் கடைசலோ அவரைக்கொட்டைக் குழம்போ முட்டையோ சேர்த்துக்கொள்ளுங்கள். கொள்ளில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 22 கிராம் புரதம்.

நேரம்தான் முக்கியம். களி வயிற்றில் நிற்கும், மாலை ஆட்டம் என்றால் மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். காலை ஆட்டத்துக்கு ஒரு வாழைப்பழம் போதும், களி ஆடி முடித்து வந்து.

தண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி என நம் இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பல்லையும் எலும்பையும் கெடுக்கும் தண்ணீர் அது. மைதானத்து போர் தண்ணீரை முகம் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 20, சேர்த்தது

தர்மபுரியிலிருந்து இரண்டு பேர் ஒரே கேள்வி கேட்டிருக்கிறார்கள்: தனியாகப் பயிற்சி செய்கிறோம், நார்டிக்குக் காலைப் பிடிக்க ஆள் இல்லை, என்ன செய்வது? இரும்புக் கட்டிலின் கீழ்ச் சட்டத்துக்கு அடியில் குதிகாலைக் கொடுங்கள், முட்டிக்கு அடியில் போர்வையை நான்காக மடித்துப் போடுங்கள். ஒருவர் சோபாவில் முயன்றிருக்கிறார், அது தூக்கிக்கொண்டு வந்துவிட்டதாம். கட்டிலும் லேசாக இருந்தால் அப்படித்தான் ஆகும். வீட்டில் யாரையாவது அதன்மேல் உட்காரச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.