பாஸ்வேர்டு மாற்றும்போது செய்யும் தவறுகள்

‘உங்கள் பாஸ்வேர்டு இன்னும் 3 நாட்களில் காலாவதியாகும்.’ அலுவலகக் கணினியில் இதைப் பார்த்ததும் பலரின் கை தானாகவே கடைசியில் இருக்கும் 7-ஐ 8 ஆக்கிவிடுகிறது. என்னைக் கேட்டால், மற்ற எல்லாத் தவறுகளையும்விட இதுதான் பெரிது. பாஸ்வேர்டு மறந்துபோனால் அரை மணி நேரம் வீணாகும், அவ்வளவுதான். பழையது எப்போதோ கசிந்திருந்தால், எண்ணை மட்டும் மாற்றிய புதியதும் அதோடு சேர்ந்தே போய்விட்டது.

அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் இதைச் சோதித்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டாயமாக மாற்றப்பட்ட ஆயிரக்கணக்கான பழைய பாஸ்வேர்டுகளை எடுத்து, ஒன்றைக்கொண்டு அடுத்ததை ஊகிக்க முடிகிறதா என்று பார்த்தார்கள். 17 சதவீதக் கணக்குகளைத் திறக்க ஐந்து ஊகங்களே போதுமாக இருந்தன. எண்ணைக் கூட்டுவது, மாதத்தின் பெயரைச் சேர்ப்பது, ‘எஸ்’ எழுத்துக்குப் பதில் டாலர் குறி போடுவது என்று நாம் கையாளும் உத்திகள் எல்லாமே திருடர்களின் மென்பொருளில் ஏற்கெனவே விதிகளாக இருக்கின்றன.

இந்தக் காரணத்தால்தான் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் தேதி வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று 2017-இல் அறிவுறுத்தியது. மைக்ரோசாஃப்ட்டும் 2019-இல் விண்டோஸுக்கான தன் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து ‘இத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்’ என்ற விதியை நீக்கியது. உங்கள் ஐடி பிரிவிடம் இதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் விதி மாறும்வரை நாம் மாற்றித்தான் ஆக வேண்டும்.

மாற்றும்போது பழையதை ஒட்டுப்போடாமல் புதிதாகத் தொடங்குங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களை அடுத்தடுத்து வைத்தால் நீளமும் கிடைக்கும், மனதில் ஒரு விசித்திரமான படமும் நிற்கும். பழமொழி, பாட்டு வரி, பிள்ளையின் பெயர் வேண்டாம். ஊகிப்பவர் முதலில் போட்டுப் பார்ப்பது அவற்றைத்தான்.

எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய நினைப்பதும் தவறுதான். அந்தச் சுமை தாங்காமல்தான் ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் போடுகிறோம். கணினியைத் திறக்க ஒன்று, பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைக்கும் செயலியான பாஸ்வேர்டு மேனேஜருக்கு ஒன்று, இந்த இரண்டு மட்டும் நினைவில் இருந்தால் போதும். மற்றவற்றை, அலுவலகம் அனுமதித்த மேனேஜர் செயலியே உருவாக்கி வைத்துக்கொள்ளட்டும். எக்செல் கோப்பு, மானிட்டரில் ஒட்டிய சீட்டு, தனக்குத்தானே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எதுவும் வேண்டாம். விடுப்பில் போகும்போது சக ஊழியரிடம் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டும் போகாதீர்கள். அவருக்குத் தேவையான அனுமதியைத் தனியாகக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை அவசரமாக மாற்றினால் திங்கள் காலை மறந்திருக்கும். வாரத்தின் முதல் நாள் காலையில் மாற்றி, அன்றே நான்கைந்து முறை வெளியேறி உள்ளே வாருங்கள். மூளையைவிட விரல்கள் சீக்கிரம் பழகிவிடும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை. கணினியில் மாற்றிய பிறகும் கைபேசியிலுள்ள அலுவலக மின்னஞ்சலும் வைஃபையும் பழைய பாஸ்வேர்டையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். நீங்கள் சரியாகத் தட்டச்சு செய்தாலும் கணக்கு பூட்டிக்கொள்வதற்குப் பல நேரம் இதுதான் காரணம். அதனால் மாற்றிய கையோடு முதலில் கைபேசியை எடுங்கள்.